கிராப்பி முட்டையிடும் பருவம்: நீரின் வெப்பநிலையைக் கொண்டு நாள் குறிக்கும் முறை

வட அமெரிக்க ஏரிகளில் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் நன்னீர் மீனான கிராப்பி எப்போது கரையோரம் வந்து முட்டையிடும் என்று கேட்டால், பெரும்பாலானோர் ஒரு மாதத்தின் பெயரைத்தான் பதிலாகச் சொல்வார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிப்ரவரி, கென்டக்கியில் ஏப்ரல், மின்னசோட்டாவில் மே இறுதி என்று அந்தப் பதில் இடத்துக்கு இடம் மாறும். அவை பொய்யல்ல, ஆனால் விடுப்பு எடுத்து, படகைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்புகிறவருக்கு அவை போதாது. குளிர் நீண்ட ஆண்டில் முட்டையிடும் பருவம் இரண்டு வாரமோ அதற்கு மேலோ தள்ளிப்போகும். வெயில் முன்கூட்டியே ஏறிய ஆண்டில் அதே அளவுக்கு முந்திக்கொள்ளும். மீனின் உடல் வெப்பம் என்பது அது நீந்தும் நீரின் வெப்பமே என்பதால், அதன் பசி, நடமாட்டம், சினை முதிர்ச்சி ஆகிய அனைத்தும் நீரின் வெப்பநிலையோடு கட்டுண்டு கிடக்கின்றன. ஆகவே வெப்பமானியை நம்புவதே சரி. அதிலும் ஒரு நாள் கிடைத்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், அடுத்தடுத்த நாள்களின் எண்களை வரிசையாக வைத்து, அவை எந்தப் பக்கம் நகர்கின்றன, எவ்வளவு நிதானமாக நகர்கின்றன என்று பார்க்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டு இனங்கள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட கிராப்பியில் வெள்ளைக் கிராப்பி, கருப்புக் கிராப்பி என்று இரண்டு இனங்கள் உள்ளன. வெள்ளையின் உடலில் மங்கலான பட்டைகள் மேலிருந்து கீழாக ஓடும். கருப்பின் உடலில் ஒழுங்கில்லாத புள்ளிகள் சிதறிக் கிடக்கும். இருந்தாலும் நிறத்தை வைத்து இனம் பிரிப்பது வசந்த காலத்தில் ஏமாற்றிவிடும், ஏனெனில் முட்டையிடும் நாள்கள் நெருங்கும்போது வெள்ளைக் கிராப்பியின் ஆண் மீனுக்கும் தலையும் தொண்டையும் நெஞ்சும் கறுத்துப்போகும். முதுகுத் துடுப்பின் முன்பக்கத்தில் உள்ள விறைப்பான முட்களை எண்ணுவதே பிழை நேராத வழி: 5 அல்லது 6 இருந்தால் வெள்ளை, 7 அல்லது 8 இருந்தால் கருப்பு. வெள்ளைக் கிராப்பி கலங்கல் நீரையும் பொறுத்துக்கொள்ளும்; கருப்புக் கிராப்பி தெளிந்த, நீர்த்தாவரம் மிகுந்த இடங்களை விரும்பும். ஒரே ஏரியில் இரண்டும் சேர்ந்து வாழ்வது வெகு சாதாரணம். அப்படிப்பட்ட ஏரிகளில் கருப்பு சற்று முன்னதாகவே கரைக்கு வந்துவிடுகிறது என்று அனுபவமுள்ள தூண்டில்காரர்கள் பலரும் சொல்வார்கள். மற்றபடி இரண்டின் முட்டையிடும் முறையும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், இனிமேல் வருவனவற்றை இரண்டுக்கும் பொதுவாகவே கொள்ளலாம்.

வெப்பநிலை ஏற ஏற நடப்பவை

முட்டையிடுவதற்கான ஆயத்தம் வெப்பநிலையால் மட்டும் தொடங்குவதில்லை. குளிர்காலத்தின் பின்பகுதியில் பகல் பொழுது நீளத் தொடங்கும்போதே பெண் மீனின் சினை முதிர ஆரம்பித்துவிடுகிறது. பகலின் நீளம் ஆண்டுதோறும் ஒரே சீராக மாறுவது. அதனால் பருவம் ஏறக்குறைய எப்போது வரும் என்பதை அது தீர்மானிக்கிறது. அந்தப் பருவத்துக்குள் எந்த வாரம், எந்த நாள் என்பதைத் தீர்மானிப்பது நீரின் வெப்பம். ஜனவரியில் நான்கு நாள் வெயில் கொளுத்தியது என்பதற்காக வடக்கே கிராப்பி முட்டையிட்டுவிடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அமெரிக்கப் படகுகளில் உள்ள கருவிகள் பெரும்பாலும் ஃபாரன்ஹீட்டில் காட்டுவதால் அதையே இங்கே முதலில் சொல்கிறேன். நீர் 50 டிகிரியைத் தொடும்வரை, அதாவது 10 டிகிரி செல்சியஸ் வரை, மீன்கள் ஆழமான இடங்களில் கூட்டமாக, அதிகம் அசையாமல் கிடக்கும். 50-ஐத் தாண்டியதும் அந்தக் கூட்டங்கள் ஓடைகள் ஏரியில் கலக்கும் கிளைகளின் வாய்ப்பகுதியை நோக்கி நகரத் தொடங்கும். பழைய ஓடைப் படுகைகளின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூழ்கிய கட்டைகளிலும் கிளைக் குவியல்களிலும் தங்கித் தங்கி அவை மேலேறும். 55-ஐ ஒட்டி, ஏறத்தாழ 13 டிகிரி செல்சியஸில், ஆண் மீன்கள் ஆழம் குறைந்த இடங்களுக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பும். மதியம் கரையோரத்தில் இருக்கும், மறுநாள் காலையில் காணாமல் போயிருக்கும். இந்தக் கட்டத்தில் மீன் நன்றாகவே இரை எடுக்கும். சினை சுமந்த பெருத்த பெண் மீன்கள் அப்போது கரைக்கும் ஆழத்துக்கும் இடைப்பட்ட முதல் இறக்கத்தில் காத்திருக்கும் என்பதால், எடை மிகுந்த மீனைத் தேடுகிறவர் முட்டையிடும் நாளைக் காட்டிலும் அதற்கு முந்திய இந்த வாரங்களை அதிகம் மதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

60 டிகிரியில், அதாவது 15 அல்லது 16 டிகிரி செல்சியஸில், ஆண் மீன்கள் கரையில் நிலைகொண்டு கூடு அமைக்கின்றன. 60-க்கும் 68-க்கும் இடையில், அதாவது ஏறத்தாழ 16-லிருந்து 20 டிகிரி செல்சியஸுக்குள், முட்டையிடுதலின் பெரும்பகுதி நடந்து முடிகிறது. 56-லேயே தொடங்கிவிடுவதும் 70-ஐத் தாண்டியும் தொடர்வதும் உண்டு. ஆகையால் 62 வந்தால்தான் முட்டையிடும் என்பதுபோல ஒற்றை எண்ணை விதியாக வைத்துக்கொள்வது தவறு. பல நாள்களாக ஒவ்வொரு டிகிரியாக ஏறி 60-ஐத் தொட்ட நீரும், மூன்றே நாளில் 52-லிருந்து 60-க்குத் தாவிய நீரும் ஒன்றல்ல. முன்னதில் மீன் நிலையாகக் கரையில் இருக்கும். பின்னதில் மேற்பரப்பு மட்டும் காய்ந்திருக்கும், மீனோ இன்னும் கீழேயே தயங்கி நிற்கும். 75 டிகிரிக்கு மேல் போய்விட்டால், அந்த இடத்தில் பருவம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கூடும் முட்டையும்

கிராப்பியின் கூட்டைக் கண்ணால் கண்டுபிடிப்பது எளிதன்று. அதன் உறவினமான புளூகில் மீன் மணலைத் துலக்கி வட்டமாக, தட்டுப்போலத் தெளிவாகக் கூடு அமைக்கும். கிராப்பி அப்படித் துப்புரவாகச் செய்வதில்லை. ஆண் மீன் ஏறத்தாழ ஓர் அடி அகலத்துக்கு மண்ணையோ சரளையையோ வாலாலும் துடுப்பாலும் விசிறி ஒதுக்கிவிட்டு, நாணல் தூரின் அருகிலோ, மரக்கட்டையின் ஓரத்திலோ, மூழ்கிய புதரின் வேரடியிலோ காவல் நிற்கும். பல ஆண் மீன்கள் அருகருகே கூடு அமைப்பதால், ஓரிடத்தில் ஒன்று கிடைத்தால் அங்கே இன்னும் சில இருக்கும் என்று நம்பலாம்.

பெண் மீன் வந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அது ஒரே கூட்டில் எல்லா முட்டையையும் இடுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட ஆண் மீன்களின் கூடுகளில் பிரித்து இடுவதும் உண்டு. ஒரு பெண் மீனின் வயிற்றில், அதன் பருமனைப் பொறுத்து, பல்லாயிரக்கணக்கான முட்டைகள் இருக்கும். ஒவ்வொரு முட்டையும் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது. பசைத்தன்மை உடையது என்பதால் சரளையிலும் வேரிலும் இலையிலும் ஒட்டிக்கொள்ளும். முட்டை பொரிக்க ஆகும் நேரத்தையும் வெப்பநிலையே நிர்ணயிக்கிறது. 70 டிகிரியை ஒட்டிய நீரில் ஓரிரு நாளில் பொரித்துவிடும். 58 டிகிரியை ஒட்டிய நீரில் நான்கு நாள் வரை ஆகும். அவ்வளவு நாளும் ஆண் மீன் இடம் பெயராமல், துடுப்பை அசைத்து முட்டைகளின் மேல் நீரோட்டம் உண்டாக்கிக்கொண்டும், முட்டை தின்ன வரும் சிறு மீன்களை விரட்டிக்கொண்டும் இருக்கும். பொரித்த குஞ்சுகள் சில நாள்களில் கூட்டை விட்டுத் திறந்த நீருக்குப் போய், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மிதவை உயிரிகளை உண்டு வளரத் தொடங்கும்.

கூடு எவ்வளவு ஆழத்தில் இருக்கும் என்பதை நீரின் தெளிவு தீர்மானிக்கிறது. கலங்கிய நீரில் ஓரடி முதல் மூன்றடி ஆழத்திலேயே இருக்கும். தெளிந்த நீரில் ஆறு முதல் பத்து அடி வரையிலும், சில இடங்களில் அதற்கும் கீழேயும் இருக்கும். இதைக் கணிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. வெள்ளை நிற ஜிக் ஒன்றை, அதாவது முள்ளின் தலையில் சிறு உலோகக் குண்டு வார்த்த செயற்கை இரையை, தூண்டில் நரம்பில் கட்டிப் படகின் நிழல் பக்கமாக மெல்ல இறக்குங்கள். அது கண்ணுக்கு மறையும் இடத்தில் நரம்பை நீர்மட்டத்தோடு விரலால் பிடித்து, மேலே இழுத்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். மீனைத் தேடத் தொடங்க வேண்டிய ஆழம் அதுதான். அங்கே இல்லையென்றால் அதற்குச் சற்றுக் கீழே தேடுங்கள்.

வெப்பநிலையை அளக்கும் விதம்

படகின் அடியிலோ பின்புறத்திலோ பொருத்தப்பட்ட சோனார் (ஒலியலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) உணரி காட்டும் எண், மேற்பரப்பை ஒட்டிய நீரின் எண் என்பதை மறக்கக் கூடாது. காற்றில்லாத வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு சிறு குடாவின் மேற்பரப்பு, அதே நாள் விடியற்காலையில் இருந்ததைவிடப் பல டிகிரி கூடுதலாகக் காட்டும். மாலையில் 64 என்று பார்த்துவிட்டு மகிழ்ந்து, மறுநாள் விடியலில் 57-ஐப் பார்த்துத் திகைப்பவர்கள் ஏராளம். இரண்டுமே உண்மையான எண்கள்தாம். ஆனால் கூடு இருக்கும் ஆழத்தில் நீர் இவ்வளவு ஊசலாடுவதில்லை. எனவே அளப்பதற்கு விடியற்காலை நேரமே சிறந்தது. இரவெல்லாம் குளிர்ந்த பிறகும் நீர் எவ்வளவு வெப்பத்தைத் தன்னிடம் வைத்திருக்கிறது என்பதை அந்த எண் காட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளந்தால்தான் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

ஆழத்து வெப்பநிலையை அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வாய் அகன்ற சிறு பாட்டிலுக்குள் ஒரு வெப்பமானியை நிற்க வைத்து, அடியில் ஈயக்குண்டு கட்டி, அடிக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் இறக்குங்கள். வேண்டிய முடிச்சு நீர்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, ஐந்து நிமிடம் பொறுத்து மேலே எடுங்கள். பாட்டிலில் நிறைந்திருக்கும் நீர் வெப்பமானியைச் சூழ்ந்திருப்பதால், மேலே வரும் சில விநாடிகளில் எண் அதிகம் மாறாது. வெறும் வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கினால் அது மேலே வருவதற்குள் மேற்பரப்பின் எண்ணுக்கு மாறியிருக்கும். பாட்டிலை மெதுவாக இழுத்தால் மேல்நீர் உள்ளே கலந்துவிடும் என்பதால், இழுக்கும்போது தயங்காமல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். மேற்பரப்புக்கும் நான்கடி ஆழத்துக்கும் இடையே வித்தியாசம் ஓரிரண்டு டிகிரிக்குள் வந்துவிட்டால், வெப்பம் உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். மேலே 63, நான்கடியில் 55 என்று இருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

ஏரியில் குறைந்தது மூன்று இடங்களில் அளந்து வையுங்கள்: ஓடை வந்து சேரும் மேல்முனை, நடுப்பகுதியில் உள்ள ஒரு குடா, அணையை ஒட்டிய கீழ்முனை. ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி, நேரம், மூன்று எண்கள், நீரின் நிறம், காற்றின் திசை ஆகியவற்றை எழுதிவந்தால், இரண்டாம் ஆண்டிலிருந்து அந்தக் குறிப்பேடு எந்தப் பொதுவான அட்டவணையையும்விடத் துல்லியமாகப் பேசும்.

முதலில் சூடேறும் இடங்கள்

ஒரே ஏரிக்குள் ஒரே காலை நேரத்தில் இரண்டு இடங்களுக்கிடையே ஐந்தாறு டிகிரி வித்தியாசம் இருப்பது வசந்தத்தில் இயல்பு. ஏரியின் வடகரை தெற்கு நோக்கி இருப்பதால் தாழ்ந்து வரும் வெயிலை நாள் முழுவதும் வாங்கும். குளிர்ந்த வடகாற்றுக்கும் அது மறைவாக இருக்கும். அதனால் பருவத்தின் தொடக்கத்தில் வடகரைக் குடாக்களிலிருந்தே தேடலைத் தொடங்க வேண்டும். தெற்கிலிருந்து இரண்டு மூன்று நாள் இளஞ்சூடான காற்று வீசினால், அது மேற்பரப்பின் வெதுவெதுப்பான நீரை வடகரையை நோக்கித் தள்ளிச் சேர்த்துவைக்கும் என்பது கூடுதல் வசதி. கருமையான சேற்றுத் தரை வெளிர்ந்த மணல் தரையைவிட அதிக வெயிலை ஈர்க்கிறது. சற்றே கலங்கிய நீர் தெளிந்த நீரைவிட விரைவில் சூடாகிறது, ஏனெனில் மிதக்கும் துகள்கள் வெப்பத்தை மேல்மட்டத்திலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. பாலத்துச் சாலைகளின் இருபுறமும் கொட்டப்பட்டிருக்கும் பாறைக் கற்களும் பகலில் காய்ந்து மாலைவரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். வெதுவெதுப்பான மழை பெய்தால், வயல்களிலும் சாலைகளிலும் ஓடிவரும் நீர் ஓடைமுனையை ஒரே இரவில் சில டிகிரி உயர்த்திவிடும். மலைப்பனி உருகி வரும் நீரோ குளிர்ந்த மழையோ இதற்கு நேர்மாறாகச் செய்யும்.

ஏரியின் வடிவமும் முக்கியம். டென்னசியின் வடமேற்கு மூலையில் உள்ள ரீல்ஃபுட் ஏரி, 1811-12 குளிர்காலத்தில் நேர்ந்த நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களின்போது நிலம் தாழ்ந்து உருவானது. பரந்து கிடந்தாலும் ஆழம் குறைந்தது, சைப்ரஸ் மரத்தூர்கள் நிறைந்தது. அதே மாநிலத்தில், ஏறத்தாழ அதே அட்சரேகையில், கென்டக்கி எல்லையை ஒட்டி இருக்கும் டேல் ஹாலோ நீர்த்தேக்கம் ஆழமானது, தெளிந்தது. வெயில் ஏறினால் ரீல்ஃபுட் சட்டென்று சூடாகும், குளிர்காற்று வந்தால் சட்டென்று ஆறும். டேல் ஹாலோ இரண்டிலும் நிதானமாகவே நடந்துகொள்ளும். ஆகையால் பக்கத்து ஏரியில் கிராப்பி கரையேறிவிட்டது என்ற செய்தியைக் கேட்டதும், அந்த ஏரியின் ஆழமும் தெளிவும் உங்கள் ஏரியை ஒத்தவையா என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள்.

குளிர்காற்று வீசிய பிறகு

வசந்தத்தில் வெயில் நாள்களுக்கு நடுவே திடீரென்று வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கி, வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக, காற்றழுத்தம் உயர்ந்து நிற்கும் இரண்டு மூன்று நாள்கள் வரும். அதிகம் பேர் வெறுங்கையோடு திரும்பும் நாள்கள் இவை. ஆழம் குறைந்த நீர் சூடாவதில் முந்துவதுபோலவே ஆறுவதிலும் முந்தும். ஒரே இரவில் கரையோர நீர் ஆறேழு டிகிரி இறங்கிவிட்டால், இன்னும் முட்டையிடாத மீன்கள் பின்வாங்கிவிடும். ஆனால் அவை குளிர்காலத்தில் தங்கியிருந்த ஆழத்துக்கே திரும்புவதில்லை. பெரும்பாலும் கரையிலிருந்து வெளியே போகும்போது முதலில் தென்படும் இறக்கத்தில், ஒரு கட்டையையோ புதரையோ ஒட்டி நின்றுகொண்டு, வெப்பம் திரும்புவதற்காகக் காத்திருக்கும். நேற்று மூன்றடியில் கிடைத்த மீனை இன்று அதே குடாவின் வாய்ப்பகுதியில் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்குள் தேடினால் கிடைத்துவிட வாய்ப்புண்டு. இரையைச் சிறிதாக்கி, அசைவைக் குறைத்து, ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிறுத்தி வைக்க வேண்டும்.

முட்டையைக் காக்கும் ஆண் மீன்கள் சுலபத்தில் இடம் விட்டுப் போவதில்லை. எனினும் வெப்பநிலை மிகக் கடுமையாக விழுந்தால் அவையும் கூட்டைக் கைவிடும். அந்த முட்டைகள் பூஞ்சை பிடித்தோ மற்ற மீன்களுக்கு இரையாகியோ அழியும். சில ஆண்டுகளில் கிராப்பிக் குஞ்சுகள் ஏராளமாகவும் சில ஆண்டுகளில் அரிதாகவும் இருப்பதற்கு வசந்தகால வானிலையும் நீர்மட்டமும் பெரிய காரணங்கள். நல்ல வேளையாக எல்லா மீன்களும் ஒரே நாளில் முட்டையிடுவதில்லை. கூட்டம் கூட்டமாகப் பல வாரங்களுக்கு அது நீடிப்பதால், ஒரு குளிர்காற்று முழுப் பருவத்தையும் கெடுத்துவிடாது. வெப்பம் மறுபடி ஏறத் தொடங்கி, தொடர்ந்து இரண்டு மூன்று காலைகளில் எண் உயர்ந்துகொண்டே வந்தால், மீன் கரைக்குத் திரும்பிவிட்டதா என்று போய்ப் பார்க்கலாம்.

முழுநிலவை ஒட்டித்தான் கிராப்பி முட்டையிடும் என்ற நம்பிக்கையும் தூண்டில்காரர்களிடையே வலுவாக இருக்கிறது. நிலவும் சாதகமாக, நீரும் 64 டிகிரியாக இருந்தால் மகிழ்ச்சிதான். நிலவு மட்டும் நிறைந்திருந்து நீர் 51-ல் கிடந்தால் வீட்டில் இருப்பதே மேல்.

நீர்மட்டம்

நீர்த்தேக்கங்களில் வெப்பநிலைக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது நீர்மட்டம். டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் நிர்வகிக்கும் கென்டக்கி ஏரியில் குளிர்கால மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 354 அடி. ஏப்ரல் மாதத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக 359 அடிக்கு உயர்த்துவார்கள். கிராப்பி கரையேறும் வாரங்களில்தான் இந்த உயர்வும் நடக்கிறது. கரையோரப் புதர்கள் நீரில் மூழ்க மூழ்க, மீன் அவற்றுக்குள் புகுந்துகொள்ளும். நேற்றைய கரையில் நின்று தேடுகிறவர் மீனைத் தாண்டி வெளியே நிற்கிறார். மட்டம் ஏறும்போது மீனும் கரையை நோக்கி நகரும், இறங்கும்போது வெளியே வரும் என்பது பொது விதி. முட்டையிட்ட பிறகு மட்டம் சட்டென்று இறங்கினால் ஆழம் குறைந்த கூடுகள் வெளியே தெரிந்து உலர்ந்துபோகும். பெரும்பாலான பெரிய நீர்த்தேக்கங்களின் அன்றாட மட்டத்தை நிர்வாக அமைப்புகளே வெளியிடுவதால், கிளம்பும் முன் வெப்பநிலையோடு அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் எப்போது

மாதங்களை நம்ப வேண்டாம் என்று சொன்னாலும், வெப்பமானியை எப்போது கையில் எடுப்பது என்று அறிய ஒரு தோராயக் கணக்கு வேண்டும். ஃபுளோரிடாவில் ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் வரை பார்க்கலாம். அங்குள்ள ஒக்கிசோபி ஏரியில் கிராப்பியை ஸ்பெக் என்ற பெயரில் தேடி வருகிறவர்கள் குளிர்காலத்திலேயே திரண்டுவிடுவார்கள். டெக்சாஸ், லூசியானா, மிசிசிப்பி, அலபாமா மாநிலங்களில் மார்ச் தொடங்கி ஏப்ரல் நடுவரை. டென்னசி, கென்டக்கி, ஆர்க்கன்சாவின் வடபகுதி ஆகியவற்றில் ஏப்ரல். மிசூரி, இல்லினாய், இண்டியானாவில் ஏப்ரல் பிற்பகுதி முதல் மே நடுவரை. மின்னசோட்டா, விஸ்கான்சினில் மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. தெற்கு மாநிலங்களில் டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்தால் கிராப்பி கரைக்கு வந்துவிட்டது என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். மரமும் மீனும் ஒரே வெயிலுக்குத்தான் கட்டுப்படுகின்றன என்பதால் இது வெறும் பேச்சல்ல. ஆனால் நிலம் நீரைவிட வேகமாகச் சூடாகும் என்பதால், பூவைப் பார்த்ததும் அளக்கத் தொடங்குவதே அந்த அறிகுறியின் சரியான பயன்.

தூண்டில் போடும் முறை

கருவிகள் எளிமையானவை. நீளமான, மென்மையான தூண்டில் கோல். 4 முதல் 8 பவுண்டு தாங்கும் நரம்பு. 1/16 அல்லது 1/32 அவுன்ஸ் எடையுள்ள ஜிக், அல்லது மெல்லிய தூண்டில் முள்ளில் கோத்த உயிருள்ள பொடிமீன். நீர் 50-லிருந்து 58 டிகிரிக்குள் இருக்கும்போது, படகின் முன்புறத்தில் பல கோல்களை விசிறிபோல் பரப்பி வைத்து, வெவ்வேறு ஆழங்களில் இரையைத் தொங்கவிட்டு மிக மெதுவாக நகர்வது அமெரிக்கத் தெற்கில் பரவலான முறை. எத்தனை கோல் வைக்கலாம் என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடும். மீன் கரையேறிய பிறகு இந்த ஏற்பாடெல்லாம் தேவையில்லை. தக்கைக்குக் கீழே ஓரடி முதல் மூன்றடியில் ஜிக்கைத் தொங்கவிட்டு, நாணலுக்குள்ளும் புதரின் இடுக்குகளிலும் சத்தமில்லாமல் இறக்கினால் போதும்.

கிராப்பியின் கண்கள் மேல்நோக்கிப் பார்ப்பதற்கு ஏற்றவாறு அமைந்தவை. தனக்கு மேலே இருக்கும் இரையை அது எழும்பிவந்து எடுக்கும், கீழே கிடப்பதைப் பெரும்பாலும் கவனிக்காது. எனவே மீன் நிற்கும் ஆழத்துக்கு ஓரடி மேலேயே இரை இருக்கட்டும். இதனால் தக்கை முழுவதும் அமிழ்வதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடுவதும் உண்டு. மீன் இரையை எடுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறது, அதனால் பாரம் இல்லாமல் தக்கை சாய்கிறது என்று அதற்குப் பொருள். உடனே கோலை உயர்த்த வேண்டும். ஆனால் வெட்டி இழுக்கக் கூடாது. இதன் வாயோரத்துச் சவ்வு மிக மெல்லியது. வேகமாக இழுத்தால் முள் சவ்வைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கோலை நிதானமாகத் தூக்கி, நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டு, பெரிய மீனாக இருந்தால் வலையால் ஏந்துவதே முறை.

கூட்டைக் காக்கும் ஆண் மீன் பசிக்காகக் கடிப்பதில்லை. அருகில் வருவதை விரட்டுவதற்காகவே கடிக்கிறது. அதனால் அதைப் பிடிப்பது மிகவும் எளிது, அளவு மீறுவதும் எளிது. உடல் முழுவதும் கறுத்த மீன்களே அடுத்தடுத்து வந்தால், கூடுகளின் மேலேயே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம். ஓரிரண்டு எடுத்துக்கொண்டு இடம் மாறுவது நல்லது; திருப்பி விடுவதானால் அந்த இடத்திலேயே உடனே விட்டுவிடுங்கள். அந்த மீன் இல்லாத நேரத்தில் புளூகில் கூட்டம் முட்டைகளைத் தீர்த்துவிடும். மீன்பிடி உரிமம், ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கை, குறைந்தபட்ச நீளம் ஆகியவற்றை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்திருக்கிறது. சில ஏரிகளுக்கென்று தனி விதியும் உண்டு. போகும் ஏரிக்குரிய விதியை அந்தந்த மாநில வனவிலங்குத் துறையின் வெளியீட்டில் பார்த்துவிடுங்கள்.

இந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். வெள்ளைக் கிராப்பியின் உலகச் சாதனை மிசிசிப்பியின் ஈனிட் ஏரியில் 1957-ல் பிடிபட்டது; எடை 5 பவுண்டு 3 அவுன்ஸ். கருப்புக் கிராப்பியின் சாதனை 5 பவுண்டு 7 அவுன்ஸைத் தாண்டியது. அது 2018 மே மாதம் டென்னசியில் கிடைத்தது.

பருவம் முடிந்தது போலத் தோன்றும்போது

ஓடைமுனையில் நீர் 70-ஐக் கடந்து, பெண் மீன்கள் வயிறு ஒட்டியவையாகவும் ஆண் மீன்கள் நிறம் வெளிறியவையாகவும் வரத் தொடங்கினால், அந்தப் பகுதியில் முட்டையிடுதல் முடிந்துவிட்டது. அதற்காக ஏரியையே விட்டுவிட வேண்டியதில்லை. அணையை ஒட்டிய ஆழமான, தெளிந்த கீழ்ப்பகுதி மெதுவாகச் சூடாவதால், அங்கே நீர் அப்போதுதான் 62-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். குறிப்பேட்டில் உள்ள மூன்று எண்களில் எது 60-க்கும் 68-க்கும் இடையில் இருக்கிறதோ அந்த இடத்துக்குப் படகைத் திருப்புங்கள். அங்கே நீர் தெளிவாக இருக்கும் என்பதால் இன்னும் சில அடி ஆழத்தில் தேடுங்கள். கீழ்ப்பகுதியும் 70-ஐத் தாண்டிய பிறகு, முட்டையிட்டு ஓய்ந்த பெண் மீன்கள் வந்த வழியே திரும்பி, ஓடைப் படுகையின் விளிம்பில் பத்து முதல் பதினைந்து அடிக்குள் மூழ்கிக் கிடக்கும் கிளைக் குவியல்களில் சேரும். முதல் சில நாள்கள் அவை இரையை அதிகம் நாடுவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போனால் பழையபடி இரை எடுக்கும். அப்போது தக்கையைக் கழற்றிவிட்டு, ஜிக்கை நேர்கீழாக இறக்கி அந்தக் குவியல்களின் உச்சியைத் தொடாமல் நிறுத்தி வைக்க வேண்டும்.